வரைபடத்தில் விரல் வைத்து



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் வைத்திருக்கும் நிபந்தனை இரண்டுதான். சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், முதலாண்டு மாணவருக்கும் விளங்க வேண்டும். ஆகவே சூத்திரம் எதையும் எழுதப்போவதில்லை. திரையில் சில படங்களைக் காட்டியபடியே பேசுகிறேன். இந்த உரை பிறகு அச்சாகும் என்று சொன்னார்கள். அச்சில் படிப்பவர் கண்முன் திரை இராது. அவருக்காக எந்தப் படம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன். அவையில் இருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

திரையின் இடதுபக்கம் இந்தியாவின் மாவட்ட வரைபடம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்த 593 மாவட்டங்களும் அதில் உள்ளன. வலதுபக்கம் அதே 593 மாவட்டங்களுக்கான நிகழ்வு செவ்வகம். அளவு என்ன? ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், ஆயிரம் ஆண் குழந்தைக்கு எத்தனை பெண் குழந்தை என்பது. நாடு முழுமைக்கும் அந்த ஆண்டு 927. தமிழ்நாட்டுக்கு 942, கர்நாடகத்துக்கு 946, கேரளத்துக்கு 960, அன்றைய ஆந்திரத்துக்கு 961. பஞ்சாபுக்கு 798, அரியானாவுக்கு 819.

இப்போது செவ்வகப் படத்தின் இடதுகோடிக்கு வருகிறேன். 860-க்குக் கீழே உள்ள பட்டைகளை மவுசால் வளைத்துத் தேர்ந்தெடுக்கிறேன். பட்டைகள் மஞ்சளாகும்போதே, இடதுபக்க வரைபடத்தில் அந்தப் பட்டைகளுக்குள் இருக்கும் மாவட்டங்களும் மஞ்சளாகின்றன. எங்கே என்று பாருங்கள். பஞ்சாபும் அரியானாவும் ஏறக்குறைய முழுதாக. அவற்றை ஒட்டி மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கொஞ்சம், மத்தியப் பிரதேசத்தின் வடக்குமூலையில் கொஞ்சம். குஜராத்தில் அகமதாபாத், மெகசானா பக்கம் ஒரு திட்டு. மகாராஷ்டிரத்தின் தெற்கில் கோலாப்பூர், சாங்லி. அதற்குக் கீழே வெறுமை. கர்நாடகம், ஆந்திரம், கேரளம் எதிலும் ஒரு புள்ளி மஞ்சள் கிடையாது. பிறகு, தமிழ்நாட்டின் வடமேற்கில் இரண்டே மாவட்டங்கள் ஒட்டியபடி நிற்கின்றன. தருமபுரி, 826. சேலம், 851.

இந்த இரண்டு எண்களையும் அட்டவணையில் படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? குறைவு என்று தெரியும். பஞ்சாபில் 800-க்குக் கீழே எத்தனையோ மாவட்டங்கள் இருக்கையில் 826 பெரிய அதிசயம் என்று தோன்றாது. புள்ளியியல் புத்தகம் கற்றுத்தரும் சோதனைகளை நாடு முழுமைக்கும் போட்டுப் பாருங்கள். சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று கேட்டால் பஞ்சாப் மாவட்டங்கள்தான் முதலில் வந்து நிற்கும். தருமபுரி அந்த வரிசையில் பின்னால் எங்கோ இருக்கும். ஆனால் அதன் அக்கம்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர், திருவண்ணாமலை, ஈரோடு, எல்லை தாண்டினால் கர்நாடகமும் ஆந்திரமும். எல்லாம் 940-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. அந்தச் சூழலில் 826 என்பது பள்ளத்தாக்கு.

எனக்குச் சொல்வதற்கு இருக்கும் ஒரே செய்தி இதுதான். இடத்தோடு கட்டுண்ட தரவில் இரண்டு வகை அவுட்லையர் உண்டு. மொத்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்பது ஒன்று. தன் அண்டையிலிருந்து விலகி நிற்பது இன்னொன்று. முதலாவதைக் கணினி தானே கண்டுபிடித்துக் கொடுக்கும். இரண்டாவதைப் பிடிக்க, எண்ணின் படத்தையும் ஊரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் விரல் வைத்தால் மற்றதில் ஒளிரும்படி செய்து, அந்த ஊரைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார வேண்டும்.

இப்படி விரல் வைத்துப் பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? புள்ளியியலாளர் ஜான் டுக்கியின் பெயரைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி மையத்தில் அவரும் ஃப்ரீட்மனும் ஃபிஷர்கெல்லரும் சேர்ந்து பிரிம்-9 என்ற அமைப்பைச் செய்தார்கள். ஒன்பது மாறிகள் வரை உள்ள தரவைத் திரையில் சுழற்றிப் பார்க்கலாம், வேண்டியதை மறைக்கலாம், பிரிக்கலாம். அக்காலத்தில் அதற்கு ஓர் அறையை அடைக்கும் கணினி தேவைப்பட்டது.  பிறகு 1987-ல் பெக்கரும் கிளீவ்லாண்டும் பிரஷிங் என்ற உத்தியை விளக்கினார்கள். ஒரு சிதறல் படத்தில் ஒரு செவ்வகத்தைத் தூரிகைபோல நகர்த்தினால், அதற்குள் அகப்படும் புள்ளிகள் மற்ற எல்லாச் சிதறல் படங்களிலும் நிறம் மாறும். இரண்டே ஆண்டில் புவியியலாளர் மார்க் மொன்மோனியர், அந்தப் படங்களில் ஒன்று வரைபடமாக இருந்தால் என்ன என்று கேட்டார். கேட்டபின் எளிதாகத் தோன்றும் கேள்வி.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜான் ஹாஸ்லெட், ஆன்டனி அன்வின், கிரஹாம் வில்ஸ் ஆகியோர் இருந்த குழு இதை முழு அளவில் செய்து பார்த்தது. ஸ்பைடர், ரிகார்டு என்று மென்பொருள்கள் எழுதினார்கள். 1991-ல் ‘தி அமெரிக்கன் ஸ்டாடிஸ்டிஷியன்’ இதழில் ஐவர் பெயரில் வந்த கட்டுரைதான் மொத்த விலகல், அண்டை விலகல் என்ற இந்தப் பிரிவை ஊடாடும் வரைபடத்தோடு இணைத்துப் பேசியது. அதில் இருந்த ஓர் உத்தி எனக்கு மிகப் பிடித்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் தென்கோடியில், ஸ்டைன் என்ற ஊரருகே மாஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் மேல்மண் எடுத்துச் சோதித்த தரவு ஒன்று உண்டு. ஆற்றின் பிரெஞ்சுப் பெயரால் அதை மியூஸ் தரவு என்பார்கள். ஆர் மென்பொருளில் இடஞ்சார்ந்த புள்ளியியல் படிக்கும் எல்லோருக்கும் அது அறிமுகம். 155 இடங்கள். ஒவ்வொன்றிலும் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம். துத்தநாகத்தை மட்டும் பார்ப்போம். மிகக் குறைந்தது 113 பிபிஎம், மிக அதிகம் 1839. கரையோரத்தில் அளவு கூடுதல். வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டலோடு வந்தது அது. ஆகவே 1839 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் அது இருக்கும். கேள்வி வேறு. கரையை ஒட்டி எல்லாம் உயர்ந்திருக்கையில் நடுவில் ஒன்று மட்டும் தாழ்ந்து கிடக்கிறதா? தள்ளியிருக்கும் வயலில் ஒன்று மட்டும் எகிறி நிற்கிறதா?

இப்படிப்பட்ட கேள்விக்கு டப்ளின் குழு பயன்படுத்தியது வேரியோகிராம் மேகம். 155 இடங்களை இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். 11,935 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி. கிடை அச்சில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம். நிலை அச்சில் இரண்டின் துத்தநாக அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருக்கும், தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடும் என்பது இத்துறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. டெட்ராய்ட் நகர வளர்ச்சியைப் பற்றி 1970-ல் எழுதியபோது வால்டோ டோப்லர் அதைப் புவியியலின் முதல் விதி என்றார். அவர் பாதி விளையாட்டாகச் சொன்னது, பாடப்புத்தகங்களில் வேதவாக்காகிவிட்டது. அந்த எதிர்பார்ப்புப்படி மேகம் இடதுபக்கம் தாழ்ந்தும் வலப்பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும்.

இப்போது மேகத்தின் இடது மேல்மூலையைப் பாருங்கள். அங்கே புள்ளி விழுந்தால், ‘பக்கத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒட்டவே இல்லை’ என்று அர்த்தம். அந்தப் புள்ளிகளைத் தூரிகையால் வளைத்தால் வரைபடத்தில் என்ன ஒளிரும்? புள்ளி இல்லை, கோடு. ஜோடியின் இரு முனைகளையும் இணைக்கும் கோடு. கோடுகள் அங்கங்கே சிதறிக் கிடந்தால் மண்ணே அப்படி மாறிமாறி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கோடும் ஒரே இடத்திலிருந்து வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போலக் கிளம்பினால், குடத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான் ஆள். அதைச் சுற்றியுள்ள அத்தனை பேரோடும் அது ஒத்துப்போகவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பப் போய் மண் எடுக்கலாம், ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டலாம், அங்கே ஏதாவது குழி தோண்டி மூடினார்களா என்று உள்ளூர்க்காரரைக் கேட்கலாம். இத்தனையும் சூத்திரம் ஒன்றைக்கூட எழுதாமல், கையால் இரண்டு இழுப்பு இழுத்துக் கிடைத்த தகவல். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். வர்க்கப்படுத்துவதால் பெரிய எண்கள் மேகத்தை ஆட்டிப் படைத்துவிடும். துத்தநாகம் போன்ற ஒருபக்கம் நீண்ட தரவுக்கு முதலில் மடக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

மாவட்டம், வட்டாரம் என்று எல்லை உள்ள தரவுக்கு லூக் ஆன்சலின் வேறு படம் தந்தார். மோரன் சிதறல் படம் என்று பெயர். கிடை அச்சில் என் மதிப்பு, நிலை அச்சில் என் அண்டையரின் சராசரி. நான்கு கட்டம் விழும். நானும் உயர்வு அண்டையும் உயர்வு, நானும் தாழ்வு அண்டையும் தாழ்வு என்ற இரண்டில் பெரும்பாலானவை விழும். மற்ற இரண்டில் விழுபவைதான் நாம் தேடுகிறவை. இந்தப் படத்தையும் 1995-ல் அவர் எழுதிய வட்டார அளவைகளையும் ஒன்றாக்கி 2003-ல் ஜியோடா என்ற மென்பொருளை வெளியிட்டார். இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். திரையில் நான் ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

இதிலேயே நமது இரண்டு மாவட்டங்களைத் தேடுவோம். தருமபுரி எதிர்பார்த்தபடியே ‘நான் தாழ்வு, அண்டை உயர்வு’ கட்டத்துக்குள் விழுகிறது. சேலம்? அது அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ஏனென்றால் சேலத்தின் அண்டையரில் தருமபுரி ஒருவர், 900-க்குக் கீழே இருந்த நாமக்கல் இன்னொருவர். அவர்கள் இருவரும் அண்டைச் சராசரியைக் கீழே இழுத்து, சேலத்தின் விலகலை மறைத்துவிடுகிறார்கள். ஒரே கோளாறு உள்ள இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொள்வார்கள். தானாக ஓடும் சோதனைகள் இங்கேதான் ஏமாறும். மவுசால் தருமபுரியை விலக்கிவிட்டு மறுபடி பார்த்தால் சேலம் இன்னும் வெளியே நகருவது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று. தமிழ்நாட்டுக் கோப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு இதைச் செய்கிற ஆய்வுக் கட்டுரைகளை நிறையப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் தருமபுரி தன் வடக்கு மேற்கு அண்டையரை இழந்துவிடும். எல்லைச் சாவடியில் புள்ளியியல் நின்றுவிடக் கூடாது.

அந்த இரண்டு மாவட்டங்களின் விலகலுக்குக் காரணம் இந்த அவைக்குத் தெரியும். 1980-களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து பெண்சிசுக் கொலைச் செய்திகள் வந்தன. 1992-ல், பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. ஆனால் உசிலம்பட்டி உள்ள மதுரை மாவட்டம் மேலே நான் காட்டிய படத்தில் மஞ்சளாகவில்லை, கவனித்தீர்களா? மதுரை நகரமும் மற்ற வட்டாரங்களும் சேர்ந்து மாவட்ட எண்ணைத் தூக்கிவிட்டிருக்கின்றன. எந்த அளவு எல்லையில் தரவைக் கூட்டுகிறோமோ அதற்கேற்பத்தான் விலகல் தெரியும் அல்லது கரையும். மாவட்டத்தில் காணாதது வட்டாரத்தில் தெரியலாம், வட்டாரத்தில் காணாதது கிராமத்தில்.

2011 கணக்கெடுப்புக்கு வருவோம். மாநில எண் 943. பத்தாண்டில் ஒரே ஒரு புள்ளிதான் கூடியிருக்கிறது. மாநில அளவை மட்டும் பார்ப்பவர் ஒன்றும் நடக்கவில்லை என்று கோப்பை மூடிவிடுவார். வரைபடத்தைத் திறந்தால் கதையே வேறு. தருமபுரியும் சேலமும் 900-ஐத் தாண்டிவிட்டன. கடலூர், அரியலூர் பக்கம் 900-க்குக் கீழே போய்விட்டது. அங்கே ஏறியதும் இங்கே இறங்கியதும் கூட்டலில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இதற்குப் பின்னால் ஸ்கேன் மையங்கள் எவ்வளவு, பிறப்புப் பதிவு எவ்வளவு என்று ஆராய வேண்டியவர்கள் சமூகவியலாளர்கள். எங்கே போய் ஆராய வேண்டும் என்று விலாசம் சொல்வதுதான் எங்கள் வேலை.

விலகலைக் கண்டதும் அழித்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? நம் ஆய்வேடுகளில் ‘அவுட்லையர்கள் நீக்கப்பட்டன’ என்று ஒரு வரி சர்வசாதாரணமாக வருகிறது. ஏன் நீக்கினீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் இராது. சில விலகல்கள் பிழைதான். சென்னையின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றித் தட்டச்சு செய்தால், ஊர் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். வரைபடத்தில் போட்ட மாத்திரத்தில் அது தெரியும். எண் வரிசையில் 13.08, 80.27 இரண்டும் உத்தமமாகத்தான் இருக்கும்.

ஆனால் அண்டார்டிகாவின் ஓசோன் பள்ளம் பிழையில்லை. நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் தரவைப் பதப்படுத்திய நிரலில், 180 டாப்சன் அலகுக்குக் கீழே வரும் அளவுகளுக்குச் சந்தேகக் குறி விழும்படி வைத்திருந்தார்கள். கணினி அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது என்று சொல்லப்படும் கதை மிகை. குறி விழுந்தவை பத்திரமாகவே இருந்தன. இருந்தாலும் 1985-ல் அதை முதலில் உலகுக்குச் சொன்னவர்கள் ஹாலி வளைகுடாவில் தரையிலிருந்து அளந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டானியர்கள்தான். அதன்பின் செயற்கைக்கோள் தரவை வரைபடமாகப் போட்டபோது, பள்ளம் ஒரு கண்டத்தின் அகலத்துக்கு விரிந்து கிடந்தது.

பிழையுமில்லை, இயற்கையுமில்லை என்ற மூன்றாவது ரகமும் உண்டு. 2000 அமெரிக்கத் தேர்தலில் ஃபுளோரிடாவின் 67 கவுண்டிகளுக்கும் ஒரு சிதறல் படம் போடுங்கள். ஒரு அச்சில் புஷ் வாக்கு, மறு அச்சில் சிறு கட்சி வேட்பாளர் பேட் புக்கானன் வாக்கு. எல்லாம் ஒரு கோட்டை ஒட்டிப் போகும். ஒரு புள்ளி மட்டும் வானத்தில் தொங்கும். பாம் பீச், 3,407 வாக்கு. அதன் மேல் விரல் வைத்தால் வரைபடத்தில் தென்கிழக்குக் கடற்கரை ஒளிர்கிறது. ஜனநாயகக் கட்சியின் கோட்டை அது. தெற்கே ஒட்டியுள்ள பிரோவர்டும் அதற்கடுத்த மயாமி-டேடும் அதைவிடப் பெரியவை, ஆனாலும் புக்கானனுக்கு ஆயிரம் வாக்குகூடக் கொடுக்கவில்லை. வாக்குச்சீட்டில் பெயர்களை இருபக்கமும் போட்டு, துளையை நடுவில் வைத்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்குப் போட நினைத்தவர்கள் இரண்டாவது துளையைக் குத்திவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதே கவுண்டியில் அந்தச் சீட்டைப் பயன்படுத்தாத தபால் வாக்குகளில் இந்த விலகல் இல்லை என்பது அதற்குப் பலமான சான்று. மாநிலத்தின் முடிவு 537 வாக்கில் நின்றது. பாம் பீச்சை ‘அவுட்லையர்’ என்று நீக்கிவிட்டு ஒட்டுறவு கணக்கிட்டிருந்தால் கோடு அழகாக வந்திருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கண் ஒரு பேராசைக்காரன். தாறுமாறாகத் தூவிய புள்ளிகளிலும் அது கோலம் காணும். மவுசால் நூறு இடத்தில் வளைத்தால் ஐந்தாறு இடத்தில் ஏதோ ஒன்று மாட்டும். அதனால் ஜியோடா மதிப்புகளை மாவட்டங்களுக்கிடையே 999 தடவை மாற்றிப் போட்டு, இந்த அளவு விலகல் தற்செயலாகவே வருமா என்று சோதித்துச் சொல்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தாமல் கட்டுரை எழுதாதீர்கள். மக்கள்தொகை குறைந்த இடங்களும் ஏமாற்றும். அமெரிக்கச் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு வரைபடத்தில் மிக அதிக விகிதம் உள்ள கவுண்டிகள் சிறிய கிராமப்புறக் கவுண்டிகள். மிகக் குறைந்த விகிதம் உள்ளவையும் அதே ரகம்தான். பத்துப் பேர் உள்ள இடத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் துள்ளும். அங்கே தண்ணீரையும் காற்றையும் பற்றிக் கதை கட்டுவதற்கு முன்னால் பின்னத்தின் கீழ் எண்ணைப் பார்க்க வேண்டும்.

முடிக்குமுன் இரண்டு வேண்டுகோள். மாணவர்களே, அடுத்த ஆய்வேட்டில் பின்னடைவுச் சமன்பாட்டை எழுதும் முன் அதன் எச்சங்களை ஒருமுறை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். அரைமணி நேர வேலை. இன்னொன்று, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசுத் துறை நண்பர்களுக்கு. நிலத்தடி நீர், டெங்கு, பள்ளி இடைநிற்றல் என்று நீங்கள் ஆண்டுதோறும் சேகரிக்கும் அட்டவணைகள் எங்களுக்கு ஸ்கேன் செய்த பக்கங்களாகவே வந்துசேருகின்றன. அதில் ஊர்ப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எழுத்தில் இருக்கிறது. கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, சிஎஸ்வி கோப்பாக வெளியிடுங்கள். மற்றதை இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.